கதவு திறந்த பிறகும்: பெர்கன்-பெல்சன், 1945

(திரையில்: வடக்கு ஜெர்மனியின் வரைபடம்)

1945 ஏப்ரல் 15. நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைகிறது. வாசலில் சண்டை எதுவும் நடக்கவில்லை. உள்ளே டைபஸ் காய்ச்சல். அது வெளியே பரவிவிடும் என்று பயந்து ஜெர்மன் ராணுவமே பேச்சு நடத்தி முகாமை ஒப்படைத்தது.

உயிரோடு இருந்தவர்கள் சுமார் 60,000 பேர். புதைக்காமல் கிடந்த உடல்கள் சுமார் 13,000. நாட்குறிப்பால் உலகறிந்த யூதச் சிறுமி ஆன் ஃப்ராங்க் இறந்ததும் இங்கேதான், ஓரிரு மாதங்களுக்கு முன்பு.

சரி, முகாம் மீட்கப்பட்டது. சாவு நின்றதா? இல்லை. அடுத்த சில வாரங்களில் இன்னும் 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

(திரையில்: டின் உணவு, ரொட்டி)

பசியில் கிடந்தவர்களைப் பார்த்த சிப்பாய்கள் கையிலிருந்த ராணுவ உணவை அள்ளிக் கொடுத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் காய்ந்த குடல் கொழுப்பான இறைச்சியைத் தாங்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்தது. அதோடு, பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று குறையும், இதயமே நின்றுபோகலாம். 'ரீஃபீடிங் சிண்ட்ரோம்' என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

அப்புறம் வந்தது 'வங்காளப் பஞ்சக் கலவை'. பெயரைக் கவனியுங்கள். 1943இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பஞ்சத்தில் பயன்பட்ட கஞ்சி, ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஐரோப்பிய நாக்குக்கு அது ஒரே தித்திப்பு. பலரால் விழுங்கவே முடியவில்லை. ஊசி வழியாகச் சத்து ஏற்றலாம் என்றால், ஊசியைப் பார்த்ததுமே அலறினார்கள். நாஜி முகாம்களில் ஊசி என்றால் கொலை என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

மருத்துவப் பணிக்குப் பொறுப்பு பிரிகேடியர் க்ளின் ஹியூஸ். ஆள் போதாமல், லண்டனிலிருந்து நூறு பேர் அளவுக்கு மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். பேன்தான் டைபஸைப் பரப்பும். அதனால் எல்லோர் மேலும் டிடிடி தூள் தூவினார்கள். மே 21 அன்று கடைசிக் குடிசையையும் கொளுத்தினார்கள்.

முகாம் தளபதி யோசஃப் கிராமர் விசாரிக்கப்பட்டு அதே டிசம்பரில் தூக்கிலிடப்பட்டான்.

(திரையில்: படைமுகாம் கட்டடங்கள்)

பிழைத்த யூதர்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்திலிருந்த ஜெர்மன் படைமுகாமிலேயே அகதிகளாகத் தங்கினார்கள். 1950 வரை அந்த அகதி முகாம் இருந்தது. அங்கே கல்யாணங்கள் நடந்தன, பள்ளிகள் நடந்தன. பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரிக்கு க்ளின் ஹியூஸின் பெயரையே வைத்திருந்தார்கள்.