கிராணி கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, மலேசியாவோட சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். மத்த வணக்கத்தையெல்லாம் பந்தியில சொல்லிக்கிறேன்.

தலைப்பு, "சிறுதொழில் நிலைக்கக் காரணம் துணிவா, கணக்கா?" நாங்க கணக்கு. இப்பப் பேசிட்டு உட்கார்ந்த அண்ணன், கைதட்டலுக்குன்னே ஒண்ணு சொன்னாரு: "கணக்குப் பார்க்கிறவன் கிராணி ஆகலாம், முதலாளி ஆக முடியாது." கிராணின்னா தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. முன்வரிசை ஐயா ஒருத்தர் விசிலே அடிச்சாரு. அந்த விசிலைப் பத்திரமா வச்சுக்குங்க ஐயா, பின்னால எனக்கு வேணும்.

தொழில் ஆரம்பிக்கத் துணிவு வேணுமாம். தொழில் பதியற எஸ்.எஸ்.எம். ஆணையத்துல சொந்தப் பேர்ல பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி, அதான் 30 ரிங்கிட், கடைப் பேர் வச்சா 60 வெள்ளி. இதுக்கு எந்தச் சிங்கத்தோட துணிவு வேணும்?

ஒரு முறுக்கு அக்காவை எடுத்துக்குவோம். பேரு வேணாம், இந்தப் பக்கம் லயத்துக்கு, அதான் தோட்டத்து வீட்டு வரிசைக்கு, ஒருத்தர் இருக்காங்க. 250 கிராம் பாக்கெட், விலை 6 வெள்ளி. மாவு, வெண்ணெய் 2.10. எண்ணெய் 90 சென். கேஸ் 30 சென். பிளாஸ்டிக்கும் ஸ்டிக்கரும் 40 சென். ஆக 3.70. மிச்சம் 2.30.

பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, ஒரு அம்மா வர்றாங்க. "என்னக்கா, டவுன்ல அஞ்சு வெள்ளிதானே?" அக்காவுக்கு உடனே மனசு இளகிடுது. "சரிம்மா, உனக்காக அஞ்சு." பின்னால நின்ன பொண்ணு, "எனக்கு?" "உனக்காகவும் அஞ்சு." மோட்டார்ல போன தம்பி பிரேக் போட்டுக் கேட்கிறான். அவனுக்காகவும் அஞ்சு! ராத்திரி பத்து மணிக்குள்ள ஊருக்கே 'உனக்காக' ஆயிடுச்சு!

அக்கா நெனைக்கிறாங்க, போனது ஒரு வெள்ளிதானேன்னு. விலையிலதான் ஒரு வெள்ளி. மிச்சத்தைப் பாருங்க, 2.30 இருந்தது 1.30 ஆயிடுச்சு. 100 பாக்கெட்ல கிடைச்ச அதே 230 வெள்ளிக்கு இப்ப 177 பாக்கெட் சுடணும். கூடுதல் 77 பாக்கெட்டுக்கு யாரு மாவு பிசையறது? அண்ணனோட துணிவா வந்து பிசையும்? அவசரத்துல ஆறாத முறுக்கை அடைச்சா ஆவி உள்ளேயே நின்னு, மூணாம் நாள் நமத்துப்போய்த் திரும்பி வருது. அந்தப் பாக்கெட்டோட 3.70-யும் அக்கா தலையிலதான்.

இப்ப அதே அக்கா, கணக்குப் படிச்ச பிறகு. அதே அம்மா. "என்னக்கா, டவுன்ல அஞ்சு வெள்ளிதானே?" அக்கா பேசல. டவுன் பாக்கெட் ஒண்ணை எடுத்துத் தராசுல வைக்கிறாங்க. 180 கிராம். தன்னோடதை வைக்கிறாங்க. 250. "நூறு கிராம் அங்க 2.78, இங்க 2.40. எது மலிவும்மா?" அந்த அம்மா ரெண்டு பாக்கெட் எடுத்தாங்க. மோட்டார் தம்பி பிரேக்கே போடல, பார்த்துட்டுப் போயிட்டான்!

பேஸ்புக்ல விளம்பரம் போடுங்கன்னாங்க. போடலாம். 100 வெள்ளி போட்டு எட்டுப் பேர் வாங்கினா ஒரு ஆளைப் பிடிச்ச செலவு 12.50. பாக்கெட்டுக்கு 2.30 மிச்சம்னா, அந்த ஆள் ஆறு பாக்கெட் வாங்கின பிறகுதான் அக்காவுக்குக் காசு. அதனால வாங்கினவங்க நம்பரைத் தேதியோட ஒரு நோட்டுல எழுதணும். மூணு வாரம் கழிச்சு, "முறுக்கு முடிஞ்சிருக்குமே?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்கணும். அதுக்கு ஒரு சென்னும் செலவில்ல.

சரி, கிராணிக்கு வர்றேன். அண்ணே, ரப்பர் தோட்டத்துல மரத்துப் பாலை எடை போட்டவர் யாரு? கிராணி. எடை மட்டும் பார்த்தா விடுவாரா? மெட்ரோலாக்னு ஒரு அளவுக் கருவியை முக்கி, இந்தப் பால்ல ரப்பர் எவ்வளவுன்னும் பார்ப்பாரு. ஏன்னா வாளி நிறையப் பால் இருந்தாலும் அதுல ரப்பர் சுமாரா மூணுல ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. விற்பனைன்னு அண்ணன் காட்டினது வாளியை. நாங்க கேட்கிறது ரப்பரை! "இந்த மாசம் அஞ்சாயிரத்துக்கு வித்தேன்"னு ஸ்டேட்டஸ் போடுறவங்களை எல்லாம் ஒருதரம் மெட்ரோலாக்ல முக்கிப் பார்க்கணும். கிராணியைக் கிண்டல் பண்ணுறீங்களே, அந்தத் தோட்டத்து முதலாளி லண்டன்ல நிம்மதியாத் தூங்கினது யாரோட நோட்டை நம்பி? ஐயா, இப்ப அடிங்க விசிலை!

ஆனா ஒண்ணு. அந்த நோட்டு கிராணிங்க கையில இருந்துச்சு. நம்ம பாட்டிங்க கையில பால் வெட்டுற கத்திதான் இருந்துச்சு. எழுதினது சரியான்னு படிச்சுப் பார்க்க முடியாம கைநாட்டு வச்சவங்க எத்தனை பேரு.

அதே அக்கா முறுக்கைக் கடையில போட்டா, கடைக்காரருக்கு நூத்துக்கு இருபது கமிஷன். கைக்கு வர்றது 4.80. செலவு போக 1.10. அம்மாவும் மகளும் ஆறு மணி நேரம் நின்னு நாப்பது பாக்கெட் சுட்டா 44 வெள்ளி. ஆளுக்கு மணிக்கு 3.67. நாட்டுல குறைஞ்சபட்சச் சம்பளம் மணிக்கு 8.17. தன் உழைப்புக்கு அவங்க விலையே போடல, நடுவரே. நம்ம வீட்டுல யாரு போட்டாங்க?

தோட்டங்களைத் துண்டு போட்டு வித்த காலத்துல, 1960-ல, இதே ஊர்ல பிறந்த, அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத்தை நாமளே வாங்கலாம்னு பால்வெட்டுக்காரங்க கிட்டயே போய்ப் பங்குப் பணம் கேட்டாரு. கொடுத்தாங்களே! அவங்க துணிஞ்சு கொடுத்தாங்களா, கணக்குப் பார்த்துக் கொடுத்தாங்களான்னு என்னைக் கேட்காதீங்க. இந்த எடத்துல நான் எந்த அணின்னு எனக்கே மறந்துபோச்சு.

மணி அடிச்சுட்டாங்க. வெளிய வாசல்கிட்ட மூணு அக்காங்க முறுக்கு வச்சிருக்காங்க. போறப்ப வாங்குங்க, விலையைக் குறைக்கச் சொல்லாம வாங்குங்க. நன்றி, வணக்கம்.