பழைய பூத்தையலைத் திருப்பிப் பாருங்கோ

(திரை: மேசையில் விரித்த பழைய தலையணை உறை)

பழைய பூத்தையல் என்றால் றங்குப்பெட்டிதான் நினைவுக்கு வரும். வன்னியில் 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பெட்டியோடயே இழந்த வீடுகள்தான் கனக்க. ஆகவே யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கிற சொந்தக்காரரிட்டையும் கேளுங்கோ: கலியாணத்துக்குக் கொடுத்த தலையணை உறை, றேடியோவுக்கு மேல விரித்த துணி, பள்ளிக்கூடத் தையல் கொப்பி. கொப்பி கிடைத்தால் அதிர்ஷ்டம், ஒவ்வொரு தையலும் தனித்தனியாக இருக்கும்.

(திரை: உறை மறுபக்கம் திரும்புகிறது)

கையில் எடுத்ததும் பின்பக்கம் பாருங்கோ. வெளிச்சம் படாததால் நூலின்ர பழைய நிறம் அங்கதான் மிஞ்சியிருக்கும். முன்னால வெளிறின றோசாப்பூ பின்னால நல்ல சிவப்பு. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அதே நிற நூல் தாவியிருந்தால் பெரும்பாலும் கைவேலை. எல்லா நிறத்துக்கும் அடியில் ஒரே வெள்ளை நூல் ஓடினால் மெஷின்.

தோய்க்க முதல், ஈர வெள்ளைத் துணியைச் சிவப்பு நூலில் ஒரு நிமிடம் அழுத்துங்கோ. சாயம் ஒட்டினால் தண்ணியே காட்டாதேங்கோ. ஒட்டாவிட்டால் சேர்த்துவைத்த மழைத்தண்ணி நல்லது. சவர்க்காரம் நுரைக்காத கிணற்றுத் தண்ணியில் தோய்த்தால் அழுக்குப்போலப் படிந்து துணி மங்கும். பிழியாமல் துவாயில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் பரத்திக் காயவிடுங்கோ. கொடியில் போட்டால் ஈரப் பாரத்துக்கே இற்ற நூல் அறும்.

(திரை: பிள்ளையின் கை, தாள், கிரேயன்)

இனிப் பிள்ளையின்ர வேலை. துணியில் பென்சில் படக்கூடாது. மெல்லிய தாளை மேல வைத்து, கிரேயனைப் படுக்கவைத்து அழுத்தாமல் உரசினால், புடைத்த தையல் அப்படியே தாளில் எழும்பும். அந்தப் படத்தில் ஒரேயொரு இதழை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ. அது மயில்தோகையாகலாம், இரணைமடுக் குளத்தில் வள்ளமாகலாம். நீங்கள் கீறிக் கொடுத்தால் அது உங்கட படம். ஊதா நிற மாடு வந்தாலும் வாயைத் திறக்காதேங்கோ.

(திரை: சணல் சாக்கு, கிட்டக் காட்சி)

பிள்ளை கீறின படத்தைத் தைக்க, சணல் சாக்கில் 20 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி, விளிம்பில் பசை தடவிக் காயவிடுங்கோ. இல்லாவிட்டால் இழை கழன்றுகொண்டே போகும். முனை மழுங்கின பெரிய ஊசி, ஒரு முழம் கம்பளி நூல். அதைவிட நீண்டால் முறுகிச் சிக்கும். குறுக்கே இரண்டு இழை, நெடுக்கே இரண்டு இழை எண்ணி, X மாதிரி வாற குறுக்குத் தையல். மேலே வாற கோடெல்லாம் ஒரே பக்கம் சாயவேணும். சாக்கு சுருங்கினால் பிள்ளை இறுக்கி இழுக்குது, நூல் துணியில் படிந்தால் போதும்.

முடிக்கேக்க முடிச்சுப் போடவேண்டாம். சாக்கின்ர கண் பெரிசு, முடிச்சு முன்னால வந்திடும். நூல்முனையைப் பின்பக்கம் நாலைந்து தையலுக்கு அடியால கோத்து வெட்டுங்கோ.