இரண்டாவதாக வந்தவரின் பக்கமிருந்து

(திருகோணமலை உப்புவெளியில், தூண்டில் போட்டி நடத்துவது பற்றிக் கூடிய மீனவர்கள், இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இவ்வளவு தூரம் வந்திருக்கிற காக்காமாருக்கு ஸலாம்.

பரிசு என்ன, அனுசரணை யார் என்பதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கதைத்து முடித்துவிட்டீர்கள். என்னை விதிகளைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறீர்கள். பரிசை விட எனக்கு இதுதான் முக்கியம். பரிசுக் காசு ஒரு மாதத்தில் கரைந்துவிடும். தராசில் ஏமாந்த மனுஷன் அதைப் பத்து வருஷத்துக்கு மறக்க மாட்டான்.

தராசு என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. விடியற்காலையில் மீன் பெட்டியைத் தூக்கித் தராசில் வைப்பார்கள். முள் ஆடிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்கு முதலே கொப்பியில் எண் எழுதியாகிவிடும். அதிலும் தண்ணிக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று கழிவு. மீன் வாங்குகிற முதலாளியிடம் கடன் வாங்கியிருக்கிறோம், எஞ்சின் அவர் காசில் வாங்கியது, என்னத்தைக் கேட்பது? பேசாமல் நின்றுவிட்டு வருவோம். அப்படி நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன், நாமே நடத்துகிற போட்டியில் தராசு அப்படி இருக்கக் கூடாது. அது மேடையில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் அந்த வருஷத்து முத்திரை அதில் இருக்க வேண்டும். மீன் வைப்பதற்கு முதல் தெரிந்த ஒரு படிக்கல்லை வைத்துக் காட்ட வேண்டும். முள்ளோ எண்ணோ ஓய்ந்த பிறகு, மீனுக்குச் சொந்தக்காரர் வாயாலேயே எடையை வாசிக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்தில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஈரி ஏரியில் வால்ஐ என்கிற மீனுக்கான போட்டித் தொடரின் கடைசி நாள். இரண்டு பேர் சேர்ந்து கொண்டுவந்த ஐந்து மீனும் ஏறக்குறைய 34 இறாத்தல் நிறுத்தன. போட்டி நடத்துனருக்கு மீனைப் பார்த்ததுமே சந்தேகம். அந்த நீளத்து மீன் ஒவ்வொன்றும் நாலு இறாத்தல் அளவில்தான் வரும் என்று அவருடைய கண்ணுக்குத் தெரியும். தடவிப் பார்த்தார், வயிற்றில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எல்லோர் முன்னாலும் கத்தியால் கீறினார். உள்ளேயிருந்து ஈயக்குண்டுகள் விழுந்தன. வேறு மீனின் சதைத் துண்டுகளும் திணிக்கப்பட்டிருந்தன. பரிசு ஏறக்குறைய 28,000 டொலர். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த வருஷம் இருவரும் குற்றத்தை ஒத்துக்கொண்டார்கள். 10 நாள் சிறை, படகு பறிமுதல், மீன்பிடி உரிமம் மூன்று வருஷத்துக்கு இடைநிறுத்தம்.

அந்த வீடியோவைப் பார்க்கிறவர்கள் கள்ளம் செய்த இரண்டு பேரைத்தான் பார்க்கிறார்கள். அவர்களைச் சுற்றிக் கத்திக்கொண்டு நிற்கிறவர்களை நான் பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கோபம் ஒரு நாள் கோபம் இல்லை. இந்த இருவரும் அந்த வருஷம் முன்பும் வென்றிருந்தார்கள். அந்தப் போட்டிகளில் இரண்டாவதாக வந்தவர்கள் வீட்டுக்குப் போய், எங்களுக்குத்தான் மீன்பிடிக்கத் தெரியவில்லை போல என்று தங்களையே குறை சொல்லியிருப்பார்கள். காசு போனதை விட அது பெரிய களவு என்று நான் நினைக்கிறேன்.

இனி நான் சொல்லப் போவது எல்லாம் இந்த ஒரு எண்ணத்தில் இருந்துதான். விதி எழுதும்போது வென்றவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாவதாக வந்தவரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எழுதுங்கள். அவர் கேட்கப் போகிற கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் அது நல்ல விதி.

கள்ளம் என்றால் முடிவு சுலபம். கள்ளமே இல்லாத இடத்தில்தான் நடுவருக்கு நெஞ்சு கனக்கும். 2023 ஜூனில் வட கரோலினாவில் பிக் றொக் என்ற நீல மார்லின் போட்டி நடந்தது. ஒரு படகு பல மணித்தியாலம் போராடி 619.4 இறாத்தல் மீனைக் கொண்டுவந்து சேர்த்தது. நம் கணக்கில் 281 கிலோ. எல்லாப் பரிசும் சேர்த்து 35 இலட்சம் டொலர் அவர்களுக்கு வரவேண்டியது. ஆனால் மீனின் உடம்பில் சுறா கடித்த காயம் இருந்தது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, படகில் ஏற்றுவதற்கு முதல் சுறாவோ வேறு மீனோ எஞ்சின் விசிறியோ சதையைக் கிழித்திருந்தால் அந்த மீன் கணக்கில் வராது. காயம்பட்ட மீனின் பலம் குறைந்துவிடும், அதைப் பிடித்தது தூண்டில்காரரின் திறமை மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்பது காரணம். மீன் தள்ளுபடி ஆனது. 484.5 இறாத்தல் மீன் கொண்டுவந்த படகு வென்றது.

அப்போது உலகம் முழுக்க, பாவம் அவர்கள், சுறா கடித்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் கதை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 484.5 இறாத்தல் படகில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அதே விதியை வாசித்து, அதே பணம் கட்டி, விதிப்படி ஒரு மீனைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். நடுவர் இரக்கப்பட்டிருந்தால் அந்த இரக்கத்துக்கு விலை கொடுத்திருப்பது அவர்கள்தான். நடுவருடைய சட்டைப் பையில் இருந்து ஒரு சதம் போயிருக்காது.

இதே போட்டியில் 2010இல் இன்னொன்று நடந்தது. 883 இறாத்தல் மார்லின், அந்தப் போட்டியிலேயே அதுவரை பிடிபட்டவற்றில் ஆகப் பெரியது. பரிசு பத்து இலட்சம் டொலருக்கு மேல். படகில் வேலை செய்த ஒருவரிடம் மீன்பிடி அனுமதிப்பத்திரம் இல்லை. விலை வெறும் 30 டொலர். மீன் கொழுவின பிறகுதான் அவர் அதை எடுத்தார் என்று தெரிந்ததும் மீன் தள்ளுபடி. இந்தத் தீர்ப்பில் எனக்கு முழு நிம்மதி இல்லை. விதி விதிதான், சரி. ஆனால் அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கவேண்டிய நேரம் படகு வெளிக்கிடுகிற காலை. அப்போது கரையில் வைத்தே எல்லாப் பத்திரத்தையும் பார்த்துவிட்டால் பின்னேரம் ஒருவரின் வாழ்க்கையில் கிடைத்த மீனைத் தூக்கி எறிய வேண்டி வராது. நம் போட்டியில் படகுப் பதிவு, பாதுகாப்பு அங்கி, ஆட்களின் பெயர் எல்லாம் விடியற்காலையில் கரையில் சரிபார்த்து முத்திரை குத்தியாக வேண்டும். அப்புறம் அதைக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது.

சரி, நம் கடலுக்கு வருவோம்.

இங்கே 9.9 குதிரைவலு எஞ்சின் வைத்த பைபர் படகும் இருக்கிறது, சுற்றுலாக்காரரை ஏற்றுகிற பெரிய படகும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் யார் வெல்வார் என்று ஊதுவதற்கு முன்பே சொல்லலாம். ஆனால் கடவுள் நமக்கு ஒரு வசதி தந்திருக்கிறார். திருகோணமலையில் ஆழ்கடலைத் தேடி வெகுதூரம் ஓடத் தேவையில்லை. கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடா வரை வந்துவிடுகிறது, கரையில் இருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் தண்ணீர் கறுத்துவிடும். ஆகவே போட்டி எல்லையைச் சின்னப் படகு போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் கீறுங்கள். பெரிய எஞ்சினின் வேகம் அந்த எல்லைக்குள் பெரிய லாபம் தராது. கிண்ணியா, மூதூர்ப் படகுகள் குடாவைத் தாண்டி இங்கே வந்துதான் வெளிக்கிட வேண்டும் என்றும் வைக்காதீர்கள். எரிபொருளிலேயே அவர்கள் தோற்றுவிடுவார்கள். அந்தப் பக்கமும் ஒரு தொடக்க இடம், அங்கேயும் ஒரு நடுவர்.

சர்வதேசச் சங்கம் தங்கூசியின், அதாவது தூண்டில் நூலின், வலுவைக் கிலோ கணக்கில் வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் சாதனைகளைப் பதிகிறது. மெல்லிய நூலில் பிடித்தவர் மெல்லிய நூல்காரரோடுதான் போட்டி. இது நல்ல ஏற்பாடு, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய கணக்கில் றொட்டும் (தூண்டில் கம்பும்) நூல் சுற்றுகிற ரீலும் இருந்தால்தான் மீன். நம்முடைய கைத்தூண்டில்காரருக்கு அங்கே இடமே இல்லை. விரலில் தங்கூசியைச் சுற்றி, கொத்துகிற மீன் பாரையா விளைமீனா என்று தூக்க முன்பே சொல்கிற பெரியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைக் கரையில் நின்று கைதட்ட வைத்துவிட்டு நடத்துகிற போட்டி எனக்கு வேண்டாம். கைத்தூண்டிலுக்குத் தனிப் பிரிவு, அதே தொகைப் பரிசு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இளைஞர்கள் சிலர், மீனைக் கொல்லாமல் அளந்து விட்டுவிடுகிற போட்டியாக நடத்தலாம் என்கிறார்கள். பாரைப் பிரிவுக்கு அது நல்லது. ஆனால் அளக்கிறதிலும் கள்ளம் புகும். பலகையில் மீனை வைத்து, வாயை மூடி முன் தடுப்பில் முட்ட வைக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்தால் ஒரு நீளம், மூடினால் ஒரு நீளம். வாலின் இரண்டு இதழையும் சேர்த்துப் பிடித்தால் நீளும், விரித்து விட்டால் குறையும். அந்த ஒரு சென்ரிமீற்றரில்தான் சண்டை வரும். பாரைக்கு வால் கவட்டையாகப் பிரிவதால், நடுக்கவட்டை வரை அளப்பது என்று எழுதிவிடுங்கள், யார் எப்படிப் பிடித்தாலும் அது மாறாது. மீனின் படத்தில் அன்று காலையில் கொடுத்த, எண் போட்ட அடையாள வில்லையும் தெரிய வேண்டும். அதன் எண் விடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது. போன மாதம் பிடித்த மீனின் படம் அப்போது செல்லாது.

எடை பார்க்கிற பிரிவில், வென்ற மீன்களை மேடையிலேயே வெட்டிக் காட்டுங்கள். எப்படியும் வெட்டத்தானே போகிறோம். ஐஸ் திணித்தால் உருகிவிடும் என்று நினைக்கிறவருக்கும் உடனே வெட்டினால் வழி இல்லை. வலைக்காரரிடம் வாங்கின அறுக்குளாவை றொட்டில் பிடித்தேன் என்று கொண்டுவந்தால் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டார். செவுளுக்குப் பின்னால் வலைக் கண்ணித் தழும்பு இருக்கிறதா, தாடையில் தூண்டில் ஏறிய ஓட்டை இருக்கிறதா, கண் மங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். நடுவர் மேசைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள், கோட்டுப் போட்ட பிரமுகர் பரிசு கொடுக்க வந்தால் போதும். ஆனால் நடுவரின் மகனோ மருமகனோ படகில் இருந்தால், அந்தப் படகு வரும்போது அவர் மேசையை விட்டு எழும்ப வேண்டும்.

மேரிலண்டில் 2016இல் நடந்த வெள்ளை மார்லின் போட்டியில் 28 இலட்சம் டொலர் பரிசு நீதிமன்றம் வரை போய்க் கைமாறியது. விதி அனுமதித்த காலை 8.30க்கு முன்பே தூண்டில் போட்டார்கள் என்பதுதான் வழக்கு. அங்கே வென்றவர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனை வைத்தார்கள். நமக்கு அந்த இயந்திரம் தேவையில்லை. ஒவ்வொரு படகிலும் வேறு ஊர்க்காரர் ஒருவரைச் சீட்டுக் குலுக்கிப் பார்வையாளராக ஏற்றுங்கள். உப்புவெளிப் படகில் மூதூர்க்காரர், கிண்ணியாப் படகில் குச்சவெளிக்காரர். நேரத்தையும் கொழுவின மீனையும் அவர் குறிப்பார். ஒரு நாள் முழுக்க ஒரே படகில் இருந்து ஒரே சோற்றுப் பொதியைச் சாப்பிட்டுவிட்டு வருவது வேறு விதத்திலும் நல்லதுதான்.

போட்டியில் சேராதவர்களுக்கும் நியாயம் வேண்டும். கடல் அமைதியாக இருக்கிற மாதங்கள்தான் கரைவலைக்கும் காலம். பாட்டில், அதாவது கரைவலை போடுகிற இடத்தில், வலை வளைத்திருக்கும்போது அதன் குறுக்கே ஓடுகிற படகு அந்த இடத்திலேயே விலக்கப்பட வேண்டும். யாருடைய வலையாவது அறுந்தால் இழப்பீடு நுழைவுக் கட்டணத்தில் இருந்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். புறாமலைத் தீவு 2003இல் இருந்து தேசியப் பூங்கா, அந்த எல்லைக்குள் தூண்டில் விழக் கூடாது. நாள் சனிக்கிழமையாக இருக்கட்டும். வெள்ளியில் ஜும்மா, ஞாயிறில் பூசை. போயா நாளும் வேண்டாம். விதித்தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், காசு வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இறங்குதுறைகளில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டின பிறகு ஒரு எழுத்தும் மாறக் கூடாது.

ஆட்சேபம் சொல்ல, தராசை மூடிய பின் ஒரு மணித்தியாலம். அதுவரை பரிசு கையில் போகக் கூடாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்லை எந்த இடத்தில் கீறுவது, கைத்தூண்டில் பிரிவுக்கு எத்தனை கொக்கி அனுமதிப்பது, இரண்டும் இன்னும் முடிவாகவில்லை. வரைபடம் மேசையில் இருக்கிறது. மூதூர்க் காக்காமார் முதலில் வந்து உங்கள் பக்கத்து எல்லையைக் காட்டுங்கள்.