எந்தையும் என் மகனின் தாத்தாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி ஏழெட்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டபோது, ஏழு நாள்கூடப் பேசலாமே என்று உடனே ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் கை ஓடவில்லை. யாரைப் பற்றி எழுதுவது? என் அப்பாவைப் பற்றியா, என் மகனுடைய தாத்தாவைப் பற்றியா? ரெண்டும் ஒரே ஆள்தானே என்பீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

என் அப்பாவுக்கு சைக்கிள் பஞ்சரைத் தானே ஒட்டிவிட வேண்டும். வெளியே கொடுக்க மாட்டார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரை நெம்பி, ட்யூபை உருவி, கொஞ்சமாகக் காற்றடித்து வாளித் தண்ணீரில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே போவார். எங்கேயோ ஓர் இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். உடனே கட்டை விரலால் அந்த ஓட்டையைப் பொத்திக்கொள்வார். அதற்குப் பிறகு துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, அப்படியே வைத்துவிடுவார். அந்தப் பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் நிற்காது. பளபளப்பு அடங்கிக் காய்ந்த பிறகுதான் ஒட்டை, அதாவது ஒட்டுப்போடும் ரப்பர் துண்டை, வைத்து அழுத்த வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் டயருக்குள் விரலை விட்டு, குத்தின முள் இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் ஒட்டை எடுத்து ஈரத்தின் மேலேயே அழுத்திவிட்டேன். "கைய எடு!" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, அதற்கு மேல் திட்டவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு நான் அந்த வாளிக்குப் பக்கத்தில் போகவே இல்லை.

முப்பது வருடம் கழித்து, அப்பா அதே வேலையைச் செய்ய, என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதே தப்பைச் செய்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, இப்போ விழும் பாரு என்று காத்திருந்தேன். விழவில்லை. "ஒட்டிட்டியா? சரி, காத்தடிச்சுப் பாப்போம்" என்றார். அடித்தார்கள். பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்கள்.

சொன்னால் வெட்கம்தான். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இல்லை, பொறாமையாக இருந்தது. பெற்ற பிள்ளை மேலேயே.

பழந்தமிழில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தந்தை. யாருக்குத் தந்தை என்று சொல்லாமல் அந்தச் சொல்லே வராது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைக்கு நாம் 'என் தந்தை' என்கிறோம். பழைய கணக்குப்படி பார்த்தால் அது 'என் அவனுடைய அப்பா' என்று சொல்வது போலத்தான்! பள்ளியில் இதை இலக்கணமாகப் படித்து மார்க் வாங்கினேன். அப்பா போன பிறகுதான் அது விளங்கியது. என் அண்ணனுக்கு இருந்த அப்பாவும் எனக்கு இருந்த அப்பாவும்கூட ஒருவர் இல்லை. பஞ்சர் கதையைச் சொன்னால் அண்ணன், "ஏய், அன்னிக்குக் கைய வச்சது நான்தான், திட்டு வாங்கினதும் நான்தான், நீ பக்கத்துல நின்ன" என்கிறான். சத்தியம் செய்கிறான்.

யார் சொல்வது சரி? 1932-லேயே இங்கிலாந்தில் பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியல் அறிஞர் எழுதிவிட்டார்: நினைவு என்பது பெட்டியில் வைத்ததை அப்படியே எடுப்பது இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது. அதனால் அண்ணனோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். அவனிடம் ஒரு திட்டு இருக்கிறது, என்னிடம் ஒரு திட்டு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நினைவு பற்றி ஆராய்கிறவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், 10 வயதிலிருந்து 30 வயது வரைக்கும் நடந்ததுதான் அதிகமாக வருமாம். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா பேரனிடம் சொன்ன கதைகள் எல்லாம் அந்த வயதுக் கதைகள்தான். நீச்சல் தெரியாமல் குதித்தது, முதல் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு இரவெல்லாம் நடந்தது. நான் பார்த்த அப்பாவோ முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரைக்கும் இருந்தவர். ஓடி ஓடிச் சம்பாதித்தவர், களைத்துப் போய் வீடு வந்தவர். அந்த வருடங்களைப் பற்றி அவரே கதை சொன்னதில்லை. என்னிடம் இருப்பது அவர் கதையாக்காத பகுதி. பேரனிடம் இருப்பது நான் பார்க்காத பகுதி.

அதனால் இப்போதெல்லாம் நான்தான் அவனிடம் கேட்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனிடம் என் அப்பாவைப் பற்றி விசாரிக்கிறேன். அவன் சொல்லித்தான் அவருக்கு இருட்டு என்றால் பயம் என்பது தெரிந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை.

அண்ணனுடைய சின்ன மகளுக்குத் தாத்தா போகும்போது இரண்டு வயதுதான். பொதுவாக மூன்று வயதுக்கு முந்தியது பெரியவர்கள் ஆனபின் நினைவில் நிற்பதில்லை. அவளுக்கு அவர் நாங்கள் சொல்கிற ஆளாக மட்டும்தான் இருப்பார். அதனாலேயே அவளிடம் பேசும்போது கவனமாக இருக்கிறோம். தெய்வமாக ஆக்கிவிடக் கூடாது இல்லையா. கோபக்காரர் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

வானொலியில் பேசுகிறேன், குரலைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. குரலைப் பதிவு செய்து திரும்பக் கேட்க வைக்கும் ஃபோனோகிராஃப் கருவியை எடிசன் 1877-ல் செய்தார். அடுத்த வருடமே, இது எதற்கெல்லாம் உதவும் என்று ஒரு பட்டியல் எழுதினார். கடிதம், பாட்டு, பார்வையற்றோருக்கான புத்தகம் என்று போகிற அந்தப் பட்டியலில் குடும்பத்தாரின் பேச்சையும் பழைய நினைவுகளையும் அவரவர் குரலிலேயே சேர்த்து வைப்பது என்பதும் ஒன்று. இன்றைக்கு ஆளுக்கொரு கருவி சட்டைப்பையில் இருக்கிறது. என்னிடம் அப்பாவின் குரல் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? பதினான்கு விநாடி. அதிலும் அவர் சொல்வது இதுதான்: "ஆன் ஆயிடுச்சா? எதுவும் தெரியலையே... சரி, அப்புறமா பாத்துக்கலாம், வை." நானும் வைத்துவிட்டேன்.

போன மாதம் மகன் சைக்கிள் பஞ்சர். அவனே வாளியோடு உட்கார்ந்துவிட்டான். நானும் ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தேய்த்தான், பசை தடவினான், ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். "என்னடா பண்றே?" என்றேன். பதில் இல்லை, கையை மட்டும் காட்டினான், இரு என்று. கொஞ்ச நேரம் கழித்து ஒட்டை வைத்து அழுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"முந்நூறு வரைக்கும் எண்ணணும்மா. தாத்தா உனக்குச் சொல்லலையா?"