மோனோரயில் ஹோட்டலுக்கு அவ்வளவு காசு தகுமா? டிஸ்னி வேர்ல்டும் ரெண்டு வயசு ஆகாத பொண்ணும்

வணக்கம். இன்னிக்கு நாலு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். முதல் கேள்வியிலயே நேரம் போயிடும்னு நினைக்கிறேன், ஏன்னா இது மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. படிக்கிறேன் கேளுங்க.

"அக்கா, எங்க பொண்ணுக்கு மார்ச் வந்தா ஒரு வயசு பத்து மாசம். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போறோம், நாலு ராத்திரி. மோனோரயில் நிக்கிற ஹோட்டல்ல தங்கினா பார்க் பக்கத்துலேயே இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. விலையைப் பார்த்தா தலை சுத்துது. அந்தக் காசுக்குத் தகுமா? இல்ல வெளியில ரூம் எடுத்துட்டு கார்ல போயிடலாமா?"

மோனோரயில்னா டிஸ்னிக்குள்ளயே ஒத்தத் தண்டவாளத்துல ஓடுற ரயில். இதுல "பக்கத்துலேயே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதுதான் உறுத்திட்டே இருந்துச்சு. எப்போ பக்கம்மா? காலையில எட்டு மணிக்குப் பக்கமா, மத்தியானம் ஒரு மணிக்குப் பக்கமா?

ரெகுலரா பார்க்கிறவங்க இப்பவே சிரிப்பீங்க, "ஆரம்பிச்சுட்டாங்க ஒரு மணிக் கணக்கை"ன்னு. ஆமா, ஆரம்பிச்சுட்டேன். புதுசா வந்தவங்களுக்காக இன்னொரு தடவை. சின்னப் பிள்ளையோட போறவங்க ஹோட்டலுக்கும் பார்க்குக்கும் எத்தனை மைல்னு பார்க்காதீங்க. மத்தியானம் ஒரு மணிக்குப் பிள்ளை கண்ணைக் கசக்க ஆரம்பிக்குது. அந்த நிமிஷத்துல இருந்து, இருட்டு ரூம்ல மெத்தையில படுக்க வைக்கிற வரைக்கும் எத்தனை நிமிஷம்? அந்த ஒரு நம்பர் போதும். காலையில போறது பிரச்சினையே இல்ல. பிள்ளை ஆறு மணிக்கே எழுந்து உக்காந்திருக்கும், நாமளும் உற்சாகமா இருப்போம், பஸ் லேட்டா வந்தாலும் பாட்டுப் பாடிட்டு நிப்போம். ஒரு மணிக்கு யாரும் பாட்டுப் பாடமாட்டாங்க.

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லல. பையனுக்கு ரெண்டு முடியாதப்போ நாங்க முதல் தடவை போனோம். மூணு வயசு ஆகாத பிள்ளைக்குப் பார்க் டிக்கெட் வேண்டாம், அப்பவே போயிட்டு வந்துடலாம்னு கணக்குப் போட்டோம். வெளியில ஒரு ஹோட்டல். பேர் வேண்டாம். "டிஸ்னி பத்தே நிமிஷத்துல, இலவச ஷட்டில்"னு போட்டிருந்தாங்க. பத்து நிமிஷம்ங்கிறது நிஜம்தான், நான் குறை சொல்லல. ஆனா ஷட்டில் காலையில ரெண்டு ட்ரிப், சாயந்திரம் ரெண்டு ட்ரிப். நடுவுல கிடையாது. போய் இறங்கினப்புறம்தான் தெரியுது. சரி, மறுநாள் நம்ம கார்லயே போவோம்னு போனோம்.

டிஸ்னி வேர்ல்டுல நாலு பார்க் இருக்கு, அதுல கோட்டை இருக்கிற பார்க்தான் மாஜிக் கிங்டம். இங்க அதோட அமைப்பைப் புரிஞ்சுக்கணும். கார் பார்க்கிங்குக்கு எதிர்ல பார்க் வாசல் இருக்காது. நடுவுல ஒரு பெரிய ஏரி, செவன் சீஸ் லகூன். 1971-ல திறந்தப்போ இருந்தே அப்படித்தான். காரை அந்தக் கரையில விட்டுட்டு, மோனோரயில்லயோ ஃபெர்ரி படகுலயோ ஏரியைத் தாண்டித்தான் பார்க்குக்கு வரணும். வரும்போது அழகுதான், தூரத்துல கோட்டை தெரியும், உடம்பு சிலிர்க்கும். திரும்பிப் போறப்போ நினைச்சுப் பாருங்க. பார்க் உள்ள இருந்து வாசல் வரைக்கும் நடை, ஃபெர்ரிக்கு வரிசை, ஏரி, அப்புறம் பார்க்கிங்ல காரைத் தேடணும், வெயில்ல கொதிச்சுக் கிடக்கிற கார் சீட்ல பிள்ளையைக் கட்டணும். கட்டின நிமிஷம் தூங்கிட்டான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பத்து நிமிஷத்துல ஹோட்டல். கார்ல இருந்து தூக்கினேன், முழிச்சுட்டான். அவ்வளவுதான், அன்னிக்குத் தூக்கம் முடிஞ்சுது. பத்து நிமிஷத் தூக்கம் அவனுக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம் மாதிரி ஆகிடுச்சு. எங்களுக்கு ராத்திரி ஒன்பது வரைக்கும் அழுகை. கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற என் வீட்டுக்காரர் தலையாட்டுறார் பாருங்க, அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அதனாலதான் சொல்றேன், பத்து நிமிஷ டிரைவ் சின்னப் பிள்ளைக்குச் சௌகரியம் இல்ல. ஒண்ணு நடந்து போற தூரமா இருக்கணும், இல்ல முழுசாத் தூங்கி எழற அளவுக்கு நீளமா இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் மோசம்.

இப்போ மோனோரயில் ஹோட்டல். மூணு இருக்கு: கண்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். மூணையும் ஒரே தட்டுல வச்சுப் பேசுவாங்க. தப்பு. ஹோட்டல்களுக்கு ஓடுற அந்த மோனோரயில் ஒரே திசையிலதான் சுத்தும். மாஜிக் கிங்டத்துல ஏறினா முதல் ஸ்டாப் கண்டெம்பரரி. அடுத்து பார்க்கிங் இருக்கிற பெரிய ஸ்டேஷன். அப்புறம் பாலினீசியன். கடைசியாத்தான் கிராண்ட் ஃப்ளோரிடியன். காலையில கிராண்ட் ஃப்ளோரிடியன்காரங்களுக்கு அடுத்த ஸ்டாப்பே பார்க், ஜம்முனு போயிடுவாங்க. மத்தியானம் அவங்கதான் ஊரைச் சுத்திட்டு வருவாங்க. கண்டெம்பரரிக்கு நேர் எதிர், காலையில சுத்து, மத்தியானம் முதல் ஸ்டாப். நம்ம ஒரு மணிக் கணக்குல யார் ஜெயிக்கிறான்னு நீங்களே சொல்லுங்க.

அதுக்கும் மேல, கண்டெம்பரரியில இருந்து பார்க் வாசலுக்கு நடைபாதை இருக்கு. ஸ்ட்ரோலரை, அதான் பிள்ளையை வச்சுத் தள்ளுற வண்டியை, தள்ளிட்டுப் போனா பத்து நிமிஷம். வரிசை கிடையாது, மடக்க வேண்டியதில்ல, பிள்ளை வழியிலேயே தூங்கினா தூங்கட்டும், அப்படியே லிஃப்ட்ல ஏத்தி ரூமுக்குள்ள தள்ளிட்டுப் போயிடலாம். கிராண்ட் ஃப்ளோரிடியன்ல இருந்தும் இப்போ நடைபாதை போட்டுட்டாங்க, கொஞ்சம் கூடுதல் தூரம். பாலினீசியன்ல இருந்து வந்தா அதுக்கும் மேல.

ஆக, தகுமான்னா, மோனோரயிலுக்காகத் தகாது. அந்த நடைபாதைக்காகத் தகும். அதுவும் நீங்க மாஜிக் கிங்டம் போற நாளுக்கு மட்டும். பல நாள்ல ஒரு ராத்திரிக்கு 500 டாலரைத் தாண்டும், மார்ச்ல பள்ளிக்கூட லீவு நேரம், இன்னும் ஏறும். எப்காட்னு இன்னொரு பார்க் இருக்கு, அங்க போற அன்னிக்கும் அந்த விலையைக் கொடுத்துட்டு மோனோரயில்ல நடுவுல ஒரு தடவை மாறிப் போறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஸ்கைலைனர் ஹோட்டலைப் பத்திப் போன வாரம் கமெண்ட்ல சண்டையே நடந்துச்சு. கம்பியில தொங்கிட்டு ஓடுமே, அந்தப் பெட்டி, 2019-ல வந்தது. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியேரா, இந்த நாலு ஹோட்டலுக்கும் ஓடுது. ஸ்ட்ரோலரை மடக்காம அப்படியே உள்ள தள்ளலாம், அதுக்கே நான் கும்பிடு போடுவேன். பஸ்ல பெரும்பாலும் மடக்கித்தான் ஏறணும்: ஒரு கையில தூங்குற பிள்ளை, ஒரு கையில டயப்பர் பை, மூணாவது கை எங்க இருக்கு? ஆனா ஸ்கைலைனர் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், இந்த ரெண்டு பார்க்குக்கும்தான் போகும். மாஜிக் கிங்டத்துக்குப் போகாது. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு உயரம் பார்க்காம ஏத்துற சவாரி, டம்போ, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் மாதிரி, அதிகம் இருக்கிறது மாஜிக் கிங்டத்துல. அதனால பஸ்ஸை முழுசாத் தவிர்க்க முடியாது. இன்னொண்ணு, பெட்டிக்குள்ள ஏசி கிடையாது, ஓடும்போது காத்து வரும், அவ்வளவுதான். இடி மின்னல் வந்தா நிறுத்திடுவாங்க. ஃப்ளோரிடாவுல கோடைக்காலத்துல மத்தியானம் இடி சர்வ சாதாரணம். மார்ச்ல அந்தப் பயம் கம்மி.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் போறவங்க இதையெல்லாம் கேட்டுக் குழம்பிக்காதீங்க. அங்க ஹார்பர் பூலவார்டுல ரோட்டுக்கு எதிர்ப்பக்கமே வரிசையா வெளி ஹோட்டல், டிஸ்னியோட சொந்த ஹோட்டலை விடச் சிலது வாசலுக்குக் கிட்ட. ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு கிட்டத்தட்ட சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் அளவுக்குப் பரந்த இடம். கணக்கு ஒண்ணுதான், விடை வேற.

சரி, ரூமுக்கு வருவோம். பார்க்கைப் பத்தி நூறு பேர் கேட்கிறீங்க, ரூமைப் பத்தி யாரும் கேட்கிறதில்ல. குழந்தைக்குக் கட்டில் கேட்டா டிஸ்னி ஹோட்டல்ல காசு வாங்காம கொடுப்பாங்க, மடக்கு க்ரிப். மூணு வயசுக்குக் கீழ க்ரிப்ல படுக்கிற பிள்ளையை ரூம் கணக்குல சேர்க்கமாட்டாங்க, நாலு பேர் ரூம்னா நாலு பேரும் பாப்பாவும். அதெல்லாம் நல்லதுதான். ஆனா ராத்திரி ஏழரைக்குப் பிள்ளை தூங்கிடுச்சு. ஒரே ரூம். லைட்டை அணைச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க? நாங்க பாத்ரூம்ல உக்காந்து சாப்பிட்டோம். சத்தியமா. அவர் டப் விளிம்புல, நான் மூடின கமோட் மேல, கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு, குசுகுசுன்னு மறுநாள் பிளான் போட்டோம். நானூறு மைல் ஓட்டிட்டு வந்து பாத்ரூம்ல கல்யாண நாள் கொண்டாடின ஜோடி நாங்களாத்தான் இருப்போம். அதனால பால்கனி இருக்கிற ரூமா, இல்ல கதவு போட்ட தனி பெட்ரூம் இருக்கான்னு பாருங்க. நீச்சல் குளத்துல சறுக்கு இருக்கான்னு பார்க்கிறதை விட இது முக்கியம். உங்க பொண்ணு சறுக்குல ஏறப் போறதில்ல.

பால் காய்ச்சுற விஷயம். சாதாரண ரூம்ல ஃப்ரிட்ஜ் இருக்கும், மைக்ரோவேவ் இருக்காது. ஃபுட் கோர்ட்ல இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அது உதவாது. பார்க் உள்ள கவலை இல்ல, நாலு பார்க்லயும் பேபி கேர் சென்டர் இருக்கு. பால் கொடுக்கத் தனி இடம், டயப்பர் மாத்த மேசை, மைக்ரோவேவ், எல்லாம். அங்க கொண்டுபோன பருப்பு சாதத்தைச் சுடவச்சுக் கொடுத்துட்டு, அந்தக் குளிர்ல பத்து நிமிஷம் உக்காந்துட்டு வாங்க.

இப்போ நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். நாலு ராத்திரின்னு எழுதியிருக்கீங்க, பொண்ணு வயசு எழுதியிருக்கீங்க. ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்களா? அவங்களும் வர்றாங்களா? இதை யாருமே எழுத மாட்டேங்கிறீங்க. வந்தா மொத்தக் கணக்கும் மாறிடும். நாங்க ரெண்டாவது தடவை போனப்போ என் அப்பா கூட வந்தார். முட்டி வலி. பேரன் தூங்குற நேரம்தான் அவருக்கும் தூங்குற நேரம்! ஒரு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தை வச்சுப்பாங்க. ஆர்ட் ஆஃப் அனிமேஷன்ல ஃபேமிலி சூட் எடுத்தோம். கதவோட ஒரு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம், ஹால்ல சோஃபா விரிச்சா ஒரு படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினா அது ஒரு படுக்கை, மைக்ரோவேவும் உண்டு. மலிவு இல்லதான். ஆனா ரெண்டு தனி ரூம் எடுத்துப் பாருங்க, அப்புறம் பேசலாம். அதே ஹோட்டல்ல லிட்டில் மெர்மெய்ட்னு ஒரு பகுதி இருக்கு. விலை கம்மியேன்னு மாத்தி புக் பண்ணிடாதீங்க, அது சாதாரண ரூம், லாபியில இருந்து கடைக்கோடியில இருக்கும்.

அப்பாவுக்கு ஸ்கைலைனர்ல ஏற முதல்ல பயம், பெட்டி நிக்காம நகர்ந்துட்டே வருமே. வீல்சேர்ல வர்றவங்களுக்குன்னு பெட்டியை நிறுத்தி ஏத்துற தனி வரிசை இருக்கு. கால் முடியலைன்னு சொன்னோம், அதுல விட்டாங்க. அப்புறம் அவரை இறக்க முடியல. சாயந்திரம் நாங்க ரெண்டு பேரும் பார்க்குக்குப் போயிட்டோம், அவரும் பேரனும் ஏரிக்கரையில உக்காந்து மேல போற பெட்டியை எண்ணிட்டு இருந்தாங்க. அவனுக்கு எண்ணத் தெரியாது, "இன்னொண்ணு, இன்னொண்ணு"ன்னு சொல்லத்தான் தெரியும். அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் டிஸ்னின்னா அந்தப் பெட்டிதான்னு சொல்லிட்டிருக்கார். கோட்டையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல!

சரி சரி, கேள்விக்கு வர்றேன், கேமராவுக்குப் பின்னாடி இருந்து வீட்டுக்காரர் கையைக் காட்டுறார். நீங்க மூணு பேர் மட்டும்னா, ரெண்டு ராத்திரி கண்டெம்பரரி, அந்த ரெண்டு நாளும் மாஜிக் கிங்டம் மட்டும். டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா பார்க் திறக்கிறதுக்கு அரை மணி முன்னாடி உள்ள விடுவாங்க, பிள்ளைதான் ஆறு மணிக்கே எழுந்துடுமே, அதைப் பயன்படுத்திக்கோங்க. ஒரு மணிக்கு வெளியில வந்துடுங்க. "டிக்கெட் காசு போச்சே"ன்னு மனசு அடிச்சுக்கும். பொண்ணுக்கு டிக்கெட்டே இல்லம்மா, அவளுக்கு என்ன நஷ்டம்? நாலு மணிக்கு மறுபடி போங்க. மிச்சம் ரெண்டு ராத்திரிக்குப் பாப் செஞ்சுரி போதும், எப்காட்டுக்கு ஸ்கைலைனர்ல போயிட்டு வாங்க. நடுவுல ஹோட்டல் மாத்துறது தொல்லைதான், ஆனா உங்க லக்கேஜை ஹோட்டல்காரங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க, முன்னாடி நாளே கேட்டு வச்சுக்கோங்க.

அம்மா அப்பா வர்றாங்கன்னா இதையெல்லாம் அழிச்சுடுங்க, நாலு ராத்திரியும் அந்த ஃபேமிலி சூட். அதனால முதல்ல கீழ கமெண்ட்ல யார் யார் வர்றீங்கன்னு எழுதுங்க. அடுத்த கேள்வி... அடுத்த கேள்வி இன்னிக்கு இல்ல, நேரம் ஆயிடுச்சு.