துரை விட்டுப்போன உறை

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செருப்பு, பை, பெல்ட் தைத்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. ஊசி பிடிக்கிற கைக்கு மைக் எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் போன மாதம் கடைக்கு வந்த ஒரு சாமான் ஞாபகம் வந்தது. அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

கொண்டு வந்தவர் ஒரு தம்பி. தோட்டத்துப் பிள்ளை, இப்போது ஈப்போவில் வேலை. பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, தோலில் செய்த கைத்துப்பாக்கி உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அங்கிள், இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா? எத்தனை வெள்ளி ஆகும்?" என்றார். அவருடைய தாத்தா தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டியவராம். துரை சீமைக்குப் போனபோது துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. உறை மட்டும் தாத்தாவிடம் தங்கிவிட்டது.

எந்தக் காலத்துத் துரை என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 காலையில், இங்கே பக்கத்தில் இரண்டு தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிந்தது 1960 ஜூலை 31-ல். அந்த வருடங்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் துரை வந்தால் முதலில் அவர் இடுப்பைத்தான் பார்ப்போம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, தோலுக்கு வருவோம். கடை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் தையல் ஆறேழு கண் விட்டிருந்தது. பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சையாக, மெழுகு போல ஒரு பிசுக்கு. தோலில் ஊறிய கொழுப்பும் பித்தளையில் இருக்கிற செம்பும் சேர்ந்தால் வருவது அது. மூடியில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. தம்பி பூஞ்சணம் என்றார். தலைமுடி காயவைக்கும் கருவியைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டினேன். கண்ணெதிரே உருகி மறைந்தது. பூஞ்சணம் உருகாது. எப்போதோ யாரோ அளவுக்கு மீறிப் பூசிய எண்ணெய்க் கொழுப்பு அது, மேலே வந்து பூத்திருக்கிறது.

பெல்ட் கோக்கிற பின்பக்கத்தை விரலால் தேய்த்தேன். விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோலுக்கு வருகிற நோய் இது. காற்றில் இருக்கிற அமிலம் உள்ளே இறங்கித் தோலின் நார்களையே அரித்துவிடும். அதன்மேல் தண்ணீர் பட்டால் தோல் கறுத்து, விறைத்துப் போகும். பிறகு திரும்பாது. எண்ணெயாலும் குணமாகாது. நம் ஆட்களுக்குத் தலைக்கும் எண்ணெய், தோசைக்கல்லுக்கும் எண்ணெய், காய்ந்ததைக் கண்டாலே கை பாட்டிலுக்குப் போய்விடும்.

எனக்கும் ஒரு தடவை போயிருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கங்காணி வீட்டுப் பணப்பையை மாட்டுக்கால் எண்ணெயில் ஊறவைத்து, நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மழைக்காலம் வந்தது. பை கறுத்து, தொளதொளத்து, தையல் நூல் இற்று, பூஞ்சணமும் பிடித்தது. அதில் சூடு போட்டிருந்த பெயரின் முதலெழுத்து இருந்த இடமே தெரியவில்லை. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதனால் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: "இதை இடுப்பில் கட்டப் போகிறீர்களா?" சிரித்தார். ஷோகேஸில் வைக்கத்தானாம். அப்படியானால் தையலைத் தொட வேண்டாம் என்றேன். பழைய துளையில் புது நூலைப் போட்டு இறுக்கினால், தபால்தலை கிழிகிற மாதிரி வரிசையாகக் கிழியும். சாயம் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், சவுக்காரமும் வேண்டாம். அவர் முகம் கொஞ்சம் வாடியது. டார்ச் அடித்து மூடியின் உள்பக்கத்தைக் காட்டினேன். மங்கலாக ஓர் அம்புக்குறி. பிரிட்டிஷ் அரசாங்கச் சாமானுக்குக் குத்துகிற முத்திரை. துரை முன்பு பட்டாளத்தில் இருந்தாரோ என்னவோ. ஈரத்துணியால் இரண்டு தேய் தேய்த்திருந்தால் போயிருக்கும். உறையின் வெளிப்பக்கத்தில் துப்பாக்கியின் சுழல் உருளை அழுந்திய மேடு இன்னும் இருக்கிறது. புதுசு ஆக்கினால் அதுவும் போகும்.

நான் செய்தது இவ்வளவுதான்: மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினேன். மூங்கில் குச்சியைச் சீவி, பச்சைப் பிசுக்கை மட்டும் சுரண்டி எடுத்தேன். பொடி உதிர்கிற இடத்தை விட்டுவிட்டேன். ஆல்கஹாலில் கரைத்துப் பூசி அந்தப் பொடியைப் பிடித்து நிறுத்துகிற மருந்து ஒன்று உண்டு, ஹைட்ராக்சிபுரோப்பில் செல்லுலோஸ் என்று பெயர். அதை அரும்பொருளகத்தில் பழகிய கைதான் பூச வேண்டும், என் கை அல்ல.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது உள்ளேயே வியர்க்கும் என்றும் சொன்னேன். இடையில் ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட டின்னில் தோட்டா ஏதும் கிடந்தால் ஷோகேஸில் வைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். நேரே போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

கூலி பத்து வெள்ளி என்றேன். "ஒன்றுமே செய்யவில்லையே அங்கிள்!" என்றார். அதற்குத்தான் பத்து வெள்ளி என்றேன்.

உறை நசுங்காமல் இருக்க உள்ளே பருத்தித் துணி வேண்டும், செய்தித்தாள் ஆகாது. மறுநாள் பாட்டியின் பழைய கைலியில் ஒரு துண்டு கிழித்துக் கொண்டுவந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபோது கட்டியதாம், துவைத்துத் துவைத்து மெத்தென்றிருந்தது. சுருட்டி உள்ளே வைத்தோம். உறை நிமிர்ந்துகொண்டது. மூடியும் இறங்கிப் பொத்தானுக்கு நேரே வந்து நின்றது. தம்பி அதை மாட்டப் போனார். மாட்ட வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றேன்.