நோயாக நுழைந்து உறுப்பாகிவிட்ட பாக்டீரியா

அவையோர்க்கு வணக்கம்.

1966இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், உயிரியலாளர் குவாங் ஜியோனின் ஆய்வகத்தில் வளர்ந்துவந்த அமீபா புரோட்டியஸ் என்ற ஒரு செல் உயிரியின் 'டி' வகை நோயுற்றது. ஒவ்வொரு அமீபாவுக்குள்ளும் 60,000 முதல் 1,50,000 வரை கோல் வடிவ பாக்டீரியாக்கள். அமீபாக்கள் சிறுத்தன, மெதுவாகப் பெருகின, பசி தாங்கவில்லை. பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்த சிலவற்றை ஜியோன் விடாமல் வளர்த்தார். காலப்போக்கில் பாக்டீரியா எண்ணிக்கை ஓர் அமீபாவுக்குச் சுமார் 42,000 என்று நிலைத்தது, அமீபாக்களும் தேறிவிட்டன.

ஆனால் சகித்துக்கொள்வது வேறு, இல்லாமல் வாழ முடியாதது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டியது உட்கரு மாற்றுச் சோதனை. அது எனக்கு மிகவும் பிடித்த சோதனை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நுண்ணோக்கியின் கீழ் இரண்டு அமீபாக்களை ஒட்டினாற்போல் வைத்து, நுண்ணிய கண்ணாடி ஊசியால் ஒன்றின் உட்கருவை மற்றதற்குள் தள்ள வேண்டும். பெறுகிற அமீபாவின் சொந்த உட்கருவை அகற்றிவிட வேண்டும். கூடவே உட்கருவைச் சூழ்ந்திருக்கும் செல்லின் கூழான சைட்டோபிளாசம் அதிகம் போய்விட்டால் அதிலுள்ள பாக்டீரியாவும் போய்விடும். பிறகு முடிவை நம்ப முடியாது.

தொற்றில்லாத அமீபாவின் உட்கரு, தொற்றுள்ள உடலில் பிழைத்தது. தொற்றுள்ளதன் உட்கருவைத் தொற்றில்லாத உடலில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அந்த உடலுக்குள் பாக்டீரியாவையும் ஊசியால் செலுத்தியபோது பிழைத்தது! ஆக, மாறியிருப்பது உட்கருவே. புதிதாகத் தொற்ற வைத்த அமீபாக்களிலும் சுமார் 200 தலைமுறைகளில், அதாவது ஏறத்தாழ 18 மாதங்களில், இந்தச் சார்பு உண்டாகிவிட்டது. பரிணாமம் என்றாலே லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றை வளர்ப்பவர்கள் வெப்பநிலையில் கண்ணாக இருக்க வேண்டும். தொற்றில்லாத அமீபா 26.5 டிகிரி செல்சியஸைத் தாங்கும். தொற்றுள்ளது அந்தச் சூட்டில் தன் பாக்டீரியாவை இழந்து, தானும் சாகும்.

விழுங்கிய பாக்டீரியா ஏன் செரிக்கவில்லை? அவை தனிச் சவ்வுப் பைகளுக்குள் இருக்கின்றன. செரிமான நொதிகளைச் சுமக்கும் லைசோசோம்கள் அந்தப் பைகளோடு இணைவதில்லை. லெஜியோனெல்லா என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்த பாக்டீரியா குடியேறிய பின், எஸ்-அடினோசில்மெத்தியோனின் தயாரிக்கும் நொதிக்கான அமீபாவின் ஒரு மரபணு செயல்படாமல் அடங்கிவிடுகிறது. செல்லின் எத்தனையோ வேலைகளுக்கு மெத்தில் தொகுதி என்ற சிறு அணுக்கூட்டத்தைக் கொடுக்கும் மூலக்கூறுதான் எஸ்-அடினோசில்மெத்தியோனின்.